பட்டன் இடம் மாறக் கூடாது

பேச்சு வராத 3 வயதுக் குழந்தை டேப்லெட்டில் ஒரு படத்தைத் தொடுகிறது. அந்தச் சொல்லைக் கருவி உரக்கச் சொல்கிறது. பேச்சுப் பலகை என்பது இவ்வளவுதான். தொல்லை வேகத்தில் இருக்கிறது. வாயால் பேசுபவர் நிமிடத்துக்கு 150 சொல் சாதாரணமாகப் பேசிவிடுவார். படம் தொட்டுப் பேசினால் 10 வருவதே பெரும்பாடு. இந்தத் தாமதத்தைக் குறைக்கத்தான் செயற்கை நுண்ணறிவைக் கூட்டு சேர்க்கிறார்கள்.

போனில் தட்டும்போது அடுத்த சொல்லை ஊகித்துக் காட்டுகிறதே, அதை இங்கும் வைத்தால் என்ன? எழுதப் படிக்கத் தெரிந்தவருக்குச் சரி. குழந்தை பலகையைப் படிப்பதில்லை. அதன் விரலுக்கு இடம் பழகிவிடுகிறது. 'இன்னும்' இடது ஓரத்தில் என்று கை பழகிய பிறகு, ஊகம் அதை நடுவுக்குத் தள்ளினால் பழகியதெல்லாம் வீண். ஊகித்த சொல்லை இருந்த இடத்திலேயே லேசாக ஒளிரவிடலாம், நகர்த்தக் கூடாது.

நுண்ணறிவு நன்றாகக் கைகொடுப்பது பலகை தயாரிக்கும் பெரியவருக்கு. சோப்புக் குமிழி விளையாட்டு நடக்கிறது என்று வையுங்கள். ஒரு போட்டோ எடுத்தால் போதும்: பொருள்களை அடையாளம் கண்டு, ஒவ்வொன்றின் மேலும் தொடுமிடம் போட்டு, சொல்லையும் ஒலியையும் சேர்த்துத் தந்துவிடும். கையால் செய்து முடிப்பதற்குள் விளையாட்டே முடிந்திருக்கும். (போட்டோ இணையத்துக்குப் போகிறதா, கருவிக்குள்ளேயே நிற்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.) ஆனால் அது தரும் சொற்கள் பெரும்பாலும் 'குமிழி', 'பாட்டில்', 'நாற்காலி', 'தரை' என்றிருக்கும். கண்ணில் படுகிற பொருளுக்குப் பேர் சொல்வதுதான் அதற்கு எளிது. குழந்தைக்கு வேண்டியதோ 'ஊது', 'இன்னும்', 'உடைஞ்சிடுச்சு', 'போதும்'. நாற்காலியையும் தரையையும் நீக்கிவிட்டு இவற்றை நாமே போட வேண்டும். போட்டால் மட்டும் போதாது. ஊதும்போது 'ஊது' என்பதைத் தொட்டுக்காட்டி, வாயாலும் சொல்லி, பிறகு 10 விநாடியாவது பேசாமல் காத்திருக்க வேண்டும். பெரும்பாலோர் கோட்டைவிடுவது அந்த 10 விநாடியில்தான்.

இரண்டு சொல்லை முழு வாக்கியமாக்கும் வசதியில் இன்னும் கவனம் வேண்டும். குழந்தை 'அம்மா', 'போ' என்று தொடுகிறது. 'அம்மா போயிட்டாங்க'வா, 'அம்மாகிட்ட போகணும்'மா, 'அம்மா, நீ போ'வா? வேற்றுமை உருபும் வினை விகுதியும் இல்லாமல் மூன்றுக்கும் ஒரே இரண்டு படம்தான். வாக்கியம் அமைக்கும் நுண்ணறிவு நிரல் ('மொழி மாதிரி' என்பார்கள்) வழக்கத்தில் அதிகம் வரும் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, தயங்காமல், தெளிவான குரலில் சொல்லிவிடும். தப்பாக இருந்தாலும் கேட்பவருக்குச் சந்தேகம் வராது. எனவே மூன்றையும் படத்தோடு காட்டி, குழந்தை தொட்ட பிறகே ஒலிக்க வேண்டும். 'இதெல்லாம் இல்லை' என்ற நாலாவது பட்டனும் அங்கேயே இருக்கட்டும்.

குழந்தையின் அரைகுறை ஒலிகளைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் வசதி பின்தங்கியே இருக்கிறது. சின்னக் குழந்தையின் தொண்டைக் குழாய் குட்டையானது, அதனால் ஒலியின் அதிர்வெண்கள் பெரியவர்களுடையதைவிட உயர்ந்திருக்கும். பேச்சைக் கேட்டு அறியும் நிரல்களோ பெரும்பாலும் பெரியவர் குரலில் பழகியவை. ஒரே குழந்தையின் ஒலிகளைப் பதிந்து, எது எதற்கென்று வீட்டார் குறித்துக்கொடுத்து, ஐந்தாறு ஒலிகளை மட்டும் பழக்கினால் ஓரளவு பிடிபடும். பின்னணியில் டிவி ஓடினால் அதுவும் கெடும்.