700 வாட் என்று எழுதியிருந்ததே, அண்ணே!

போன செவ்வாய்க்கிழமை மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஓர் அம்மா ஹட்டனில் இருக்கும் என் கடைக்கு வந்தார். பின்னாலேயே மகன், தலையைக் குனிந்தபடி. கம்ப்யூட்டரைக் கம்பளியில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்திருந்தார். கம்பளியைப் பிரித்ததும் கருகிய வாசனை வந்தது. மூடியைக் கழற்றுவதற்கு முன்பே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"ரெண்டு மாசந்தான் ஆச்சு தம்பி. காசு போனா போகுது, இவன் மூணு நாளா ஒழுங்கா சாப்பிடல" என்றார் அம்மா.

வீட்டுக் கரண்டைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றித்தரும் பவர் சப்ளை வெடித்திருந்தது. போகும்போது மதர்போர்டையும் கேமின் படத்தை வரையும் விஜிஏ கார்டையும் சேர்த்துக்கொண்டு போயிருந்தது. ரெம்மும் எஸ்எஸ்டியும் தப்பின. அந்தக் கம்ப்யூட்டர் எல்லாமாக இரண்டரை இலட்சத்துக்கு மேல். கொழும்புப் பக்கம் கார்மெண்டில் வேலை செய்யும் அக்கா சேர்த்த காசில் பாதி, அம்மாவின் சீட்டுக் காசில் மீதி. 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளருக்கு வந்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. அந்தக் கணக்கில் இரண்டரை இலட்சம் என்பது கிட்டத்தட்ட 185 நாள் கொழுந்து பறித்த கூலி. இதை எழுத உட்கார்ந்ததே அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததால்தான்.

"என்ன பவர் சப்ளை போட்ட தம்பி?" என்று கேட்டேன். "கேசிங்கோட வந்தது அண்ணே. 700 வாட்னு எழுதியிருந்துச்சே" என்றான்.

இந்த வசனத்தை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன்! 14 வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். நோர்வூட், பொகவந்தலாவை, தலவாக்கலை, கொட்டகலை என்று எந்த ஊர்ப் பையன் வந்தாலும் இதே வசனம். அதனால் இதை மட்டும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கும் வாட் கணக்கை விட்டுவிடுங்கள். பவர் சப்ளையின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் சிறிய லேபலைப் பாருங்கள். அதில் 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட் என்று தனித்தனியாகக் கட்டம் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருப்பார்கள். இன்றைய கேமிங் கம்ப்யூட்டரில் புரொசசரும் விஜிஏயும் சாப்பிடுவது 12 வோல்ட் கட்டத்திலிருந்துதான். அங்கே உள்ள ஆம்பியரை 12ஆல் பெருக்குங்கள். வருவதுதான் உங்களுக்கு உபயோகப்படும் வாட்.

இந்தப் பையனுடைய லேபலில் 12 வோல்ட்டுக்கு நேரே 20 ஆம்பியர் என்று இருந்தது. 20ஐ 12ஆல் பெருக்கினால் 240. அட்டையில் 700, உள்ளே 240! அந்த 240ஐயாவது உண்மையாகத் தருமா என்றால், இந்த மாதிரிப் பெட்டிகளைத் திறந்து பார்த்தவன் என்ற முறையில் எனக்கு நம்பிக்கையில்லை.

இப்போது செலவுப் பக்கம் வாருங்கள். அவன் போட்டிருந்தது ஆர்டிஎக்ஸ் 3060 விஜிஏ கார்ட். அது ஒன்றே 170 வாட். கோர் ஐ5 12400எஃப் புரொசசர் முழு வேகத்தில் ஓடும்போது 117 வாட் வரை போகும். இரண்டும் சேர்ந்து 287. போர்டு, ரெம், ஃபேன், எஸ்எஸ்டி எல்லாவற்றுக்கும் ஒரு 40, 50 வைத்துக்கொள்ளுங்கள். 240 தருவதாகச் சொல்லும் பெட்டியிடம் 330 கேட்டால் அது எங்கே போகும்? அப்புறம், விஜிஏ கார்ட் சொன்ன வாட்டில் அப்படியே நிற்பதில்லை. கேமில் ஒரு வெடி விழும்போது ஒரு கணம் கணக்கை மீறி இழுக்கும். நல்ல பவர் சப்ளை அதைத் தாங்கும், தாங்க முடியாவிட்டால் தானே அணைந்து மற்றப் பாகங்களைக் காப்பாற்றும். மலிவுப் பெட்டிக்குள் அந்தப் பாதுகாப்புப் பகுதியைத்தான் முதலில் வெட்டி மிச்சம் பிடிக்கிறார்கள்.

"ரெண்டு மாசம் நல்லாத்தானே ஓடுச்சு?" என்று கேட்பார்கள். இரண்டு மாதமும் அது வெந்துகொண்டுதான் இருந்தது தம்பி. வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான்.

80 பிளஸ் முத்திரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது கரண்டை எவ்வளவு வீணாக்காமல் தருகிறது என்பதற்கான சான்று மட்டும். பாதுகாப்புக்கான சான்று என்று நினைத்துவிடாதீர்கள். ஆனாலும் உண்மையான 80 பிளஸ் பிரொன்ஸ் முத்திரையும் 5 வருட வாரண்டியும் சேர்ந்திருந்தால் பெரும்பாலும் நல்ல பெட்டியாகவே இருக்கும். கையில் தூக்கிப் பாருங்கள். காற்றுப் போல இலேசாக இருந்தால் வேண்டாம். வயரில் அதன் தடிப்பைச் சொல்லும் 18 ஏடபிள்யூஜி என்ற அளவு அச்சடித்திருக்கிறதா பாருங்கள். அந்த எண் 20, 22 என்று கூடக்கூட வயர் மெலிந்துகொண்டு போகும்.

பின்பக்கம் 115, 230 என்று மாற்றும் சிவப்பு சுவிட்ச் இருந்தால் அந்தக் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். அது பழைய அமைப்பு. தம்பி தங்கச்சி யாராவது விளையாட்டாக 115க்குத் தள்ளிவிட்டு நம் 230 வோல்ட்டில் போட்டால், போட்ட நொடியில் வெடிக்கும். அப்படி வந்ததை இரண்டு தடவை பார்த்துவிட்டேன். லேபலில் 100 முதல் 240 வோல்ட் என்று இருக்கும் பெட்டியை வாங்குங்கள். நம் பக்கத்துக்கு இது மிக முக்கியம். லக்சபான நீர்மின் நிலையம் 1950இலேயே ஓடத் தொடங்கியது, மேல் கொத்மலை அணை தலவாக்கலையிலேயே இருக்கிறது. ஆனாலும் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் கடைசி வீட்டில், எல்லோரும் சமைக்கும் நேரத்தில் மீட்டர் வைத்துப் பார்த்தால் 180 வோல்ட்தான் காட்டுகிறது. அதைத் தாங்கிக்கொண்டு ஓட அந்த 100 முதல் 240 அமைப்பு வேண்டும்.

பவர் சப்ளையில் விஜிஏக்குப் போகும் 8 முள் கனெக்டர் இல்லாவிட்டால், ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் சாட்டா வயரிலிருந்து விஜிஏக்கு ஒரு மாற்றி போட்டுக்கொடுக்கிறார்கள். தயவுசெய்து போடாதீர்கள். சாட்டா கனெக்டர் 12 வோல்ட்டில் தாங்குவது 54 வாட். விஜிஏயின் 8 முள் 150 வாட் வரை கேட்கும். உருகிய மாற்றிகளை நான் ஒரு டப்பாவில் சேர்த்து வைத்திருக்கிறேன்.

இனி எர்த். இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வரும், ஏனென்றால் இதில் போவது காசு மட்டுமில்லை.

பல லயங்களில் ஒரு வீட்டிலிருந்து பக்கத்து வீட்டுக்கு இரண்டு வயர் மட்டும் இழுத்திருப்பார்கள். ப்ளக்கில் மூன்றாவது ஓட்டை இருக்கும், அதன் பின்னால் ஒன்றும் இருக்காது. "கேசிங்கைத் தொட்டா சுரீர்ங்குது அண்ணே, ஆனா பரவால்ல" என்கிறார்கள். பரவாயில்லையா? எர்த் இல்லாத இடத்தில் பவர் சப்ளையின் இரும்பு உடம்பில் மெயின்ஸில் பாதியளவு, 115 வோல்ட் கிட்ட ஏறி நிற்கும். நல்ல பவர் சப்ளையிலும் அப்படித்தான். கரண்ட் மிகக் குறைவாக இருப்பதால் சுரீரென்று விட்டுவிடுகிறது. ஆனால் உள்ளே ஏதாவது ஒரு வயர் நசுங்கி கேசிங்கில் பட்டால் அன்றைக்குச் சுரீரோடு நிற்காது. ஈரத் தரை, வெறுங்கால், சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடு. அந்த சுரீர் ஓர் எச்சரிக்கை. உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் கம்பி அடித்துக்கொள்ளுங்கள். ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுகிறது என்று அதைத் தாண்டி வயர் கொடுத்தவர்கள் இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். இன்றைக்கே அதைப் பழையபடி போடுங்கள். விழுந்தால் ஏன் விழுகிறது என்று தேடுங்கள்.

சர்ஜ் பாதுகாப்பு உள்ள விலை கூடிய மல்டி ப்ளக் வாங்கியிருக்கிறேன் என்பார்கள். அது பெரும்பாலும் கூடுதல் வோல்ட்டை எர்த்துக்குள் தள்ளிவிட்டுத்தான் காப்பாற்றுகிறது. எர்த்தே இல்லாவிட்டால் எங்கே தள்ளும்?

மின்னலைப் பற்றி மலையில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரமானால் இடிதான். ப்ளக்கைக் கழற்றத் தெரிந்த பலர் மறந்துவிடுவது இன்னொரு வழியை. நம் பையன்கள் பாதிப் பேர் மொனிட்டர் வாங்காமல் டிவியில் எச்டிஎம்ஐ போட்டுத்தான் விளையாடுகிறார்கள். அந்த டிவிக்குக் கூரையில் இருக்கும் டிஷ்ஷிலிருந்து வயர் வருகிறது. சிக்னல் கிடைக்காத வீடுகளில் ரவுட்டருக்கும் கூரையில் அன்டெனா, அங்கிருந்து கம்ப்யூட்டருக்கு லேன் வயர். கரண்ட் ப்ளக்கை மட்டும் கழற்றிவிட்டு நிம்மதியாக இருக்கிறீர்கள், மின்னல் கூரை வழியாக டிவிக்குள் இறங்கி எச்டிஎம்ஐயில் வந்து விஜிஏயைக் கொன்றுவிட்டுப் போகிறது. வானம் கறுத்தால் ப்ளக், எச்டிஎம்ஐ, லேன் மூன்றையும் கழற்றுங்கள். இடி கேட்கத் தொடங்கிய பிறகு அந்த வயர்களைத் தொடாதீர்கள்.

கரண்ட் போனால் சுவிட்ச்சை அணைத்துவிடுங்கள். வந்ததும் உடனே போடாமல் பத்து நிமிடம் பொறுங்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு பட்டு நாடு முழுக்கக் கரண்ட் போனதே, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த நாள் காலையில் என் கடையில் மூன்று கேசிங். மூன்றும் சுவிட்ச்சை அணைக்காமல் விட்டவை.

கரண்ட் போனதும் பெட்டரியில் சற்று நேரம் ஓடவைக்கும் யூபிஎஸ் வாங்குகிறவர்களுக்கு: 650 விஏ என்றால் 650 வாட் கிடையாது, வழக்கமாக 360 வாட் அளவுதான். கேமைச் சேமித்து ஒழுங்காக அணைப்பதற்கு அது போதும். கரண்ட் போன பிறகு மட்ச்சை முடிக்கலாம் என்று எண்ணாதீர்கள். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அந்தக் காலத்து யூபிஎஸ்ஸை இன்னமும் அதே பெட்டரியோடு வைத்திருந்தால் அது இப்போது வெறும் மல்டி ப்ளக்.

"குளிர் ஊர்தானே அண்ணே, சூடாகாது" என்பது அடுத்த கதை. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, குளிர் உதவி செய்கிறது, உண்மைதான். ஆனால் விறகடுப்புப் புகை? லயத்தில் ஓடும் கம்ப்யூட்டரைத் திறந்தால் தூசும் கரியும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்து, சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க்கில் கம்பளித் துணி போல அப்பியிருக்கிறது. காற்றே போகாது. ராத்திரிக் குளிருக்குச் சூடு தேடி கரப்பான் பூச்சியும் பல்லியும் பவர் சப்ளைக்குள்ளேயே குடியிருக்கின்றன. அடுப்படிச் சுவரை விட்டுத் தள்ளி, தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ப்ளக்கைக் கழற்றி, மெல்லிய பிரஷ்ஷால் தட்டி ஊதுங்கள். ஊதும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். ஈரத்துணி வேண்டாம். மிஸ்ட் வரும் நேரம் ஜன்னலடியில் வைக்காதீர்கள். ஜூன், ஜூலை அடைமழையில் நாட்கணக்கில் மூடிவைப்பதைவிட தினம் ஒரு மணி நேரம் போட்டுவைப்பது நல்லது.

பழைய சாமான் வாங்குவதில் இரண்டே விஷயம். 2022 செப்டம்பரில், விஜிஏ கார்டுகளை ஓட்டி எதீரியம் என்ற கிரிப்டோ காசு சம்பாதிக்கும் மைனிங் நின்ற பிறகு, இரவும் பகலும் ஓடி உழைத்த கார்டுகள் சந்தைக்கு வந்தன. கழுவித் துடைத்து பெட்டியில் போட்டால் புதுசு மாதிரித்தான் இருக்கும். ஆர்எக்ஸ் 580 கார்ட் என்று விற்பதில் 2048 கோர் உள்ள குறைந்த வகையும் உண்டு, அசலில் 2304. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் போட்டால் தெரிந்துவிடும். உங்கள் கண் முன்னால் 20 நிமிடம் கேம் ஓட்டிக் காட்டாமல், "பஸ்ஸில போட்டு அனுப்புறேன்" என்பவருக்குக் காசு அனுப்பாதீர்கள். அடுத்தது, நான்காம் தலைமுறை ஐ7 மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி அதில் எப்படியோ விண்டோஸ் 11 ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். வலோரன்ட் கேம் அதில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கும், அது இல்லாவிட்டால் திறக்காது. என்னிடம் வந்து கேட்டாலும் திறக்காது.

பெற்றோருக்கும் அக்காமாருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளையைத் திட்டாதீர்கள். அவனுக்கு ஆசை விஜிஏயில், அதனால் முழுக் காசையும் அதில் போட்டுவிட்டு மிச்சத்தில் கேசிங் வாங்குகிறான். காசு கொடுக்கும்போது நீங்கள் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: "பவர் சப்ளை தனியா வாங்குறியா?" நல்ல 550 வாட் பெட்டி பதினைந்து இருபதாயிரம் ரூபாய்க்குள் வரும். காசு பத்தாவிட்டால் விஜிஏயைத் தள்ளிப்போடுங்கள். ரைசன் 5 5600ஜி போன்ற, உள்ளேயே கிராஃபிக்ஸ் இருக்கும் புரொசசர் போட்டு, 16 ஜிபி ஒற்றை ரெம்முக்குப் பதிலாக 8 ஜிபி இரண்டு போட்டால், வலோரன்ட்டும் ஜிடிஏ 5உம் குறைந்த செட்டிங்கில் நன்றாகவே ஓடும். தங்கச்சியின் ஏ.எல். படிப்புக்கும் அதே கம்ப்யூட்டர். அடுத்த வருடம் காசு சேர்ந்ததும் விஜிஏயை மட்டும் வாங்கிச் செருகலாம். பவர் சப்ளை அதற்குத் தயாராக இருக்கும்.

மஸ்கெலியாப் பையனுக்கும் அப்படித்தான் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். தப்பிய ரெம்மையும் எஸ்எஸ்டியையும் வைத்துத் தொடங்கலாம். பவர் சப்ளையை முதலில் வாங்கச் சொல்லியிருக்கிறேன், அதற்குள் வீட்டுக்கு எர்த் அடிக்க வேண்டும் என்பது நிபந்தனை. வெடித்த பெட்டியை அவன் எடுத்துப் போகவில்லை. மூடியைக் கழற்றி, அந்த லேபல் தெரியும்படி கடை மேசையில் வைத்திருக்கிறேன். பக்கத்திலேயே அதே அளவில் ஒரு நல்ல பவர் சப்ளையும் இருக்கிறது. வாங்கப் போகும் தம்பிமார் கொழும்புக்கோ கண்டிக்கோ பஸ் ஏறுவதற்கு முன் வந்து, இரண்டையும் ஒரு தடவை கையில் தூக்கிப் பாருங்கள். வர முடியாவிட்டால் காசு கொடுப்பதற்கு முன் லேபலை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். பார்த்துச் சொல்வதற்கு நான் காசு வாங்குவதில்லை.