காசு விலை கேட்டு வருபவரைக் கிண்டல் செய்தால் யாருக்கு லாபம்?

கும்பகோணத்தில் வழக்கறிஞராக இருக்கிறேன். ஆன்லைன் பண மோசடிப் புகார்கள் என்னிடம் நிறைய வரும். அவற்றில் ஒரு வகை, பழைய காசும் பழைய நோட்டும் விற்கப் போய்க் கையில் இருந்ததையும் தொலைத்தவர்களுடையது. அப்படி வருபவர்களிடம் தவறாமல் ஒன்று கேட்பேன்: "காசைப் பத்தி விவரம் தெரிஞ்சவங்க யார்கிட்டயாவது முன்னாடியே கேட்டீங்களா?" கேட்டேன் சார் என்று பலர் சொல்கிறார்கள். நாணயம் சேகரிப்பவர்கள் கூடும் இடத்திலோ அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவிலோ கேட்டிருக்கிறார்கள். பதிலுக்குச் சிரிப்புதான் வந்திருக்கிறது. மோசடிக்காரன் அதற்கு மறுநாள் வந்திருக்கிறான்.

ஆகவே இதை மூத்த சேகரிப்பாளர்களுக்காகவே எழுதுகிறேன். அந்தக் கூட்டத்தில் ஓர் ஓரமாக நானும் உட்காருகிறவன் என்ற உரிமையில்.

ஒரு வழக்கு. ஆளை அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். வலங்கைமான் பக்கத்துப் பெண். தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் கிடந்த செப்புக்காசுகளைப் புளி போட்டுப் பளபளவென்று துலக்கி, வெள்ளைத் துண்டில் பரப்பி, படமெடுத்துக் குழுவில் போட்டார். "அண்ணா, இதெல்லாம் எவ்ளோ போகும்?" முதல் பதில் வடிவேலு ஸ்டிக்கர். அடுத்தது, "மீதிப் புளி இருந்தா குழம்பு வைங்க." மூன்றாவதாக ஒரு பெரியவரின் குரல் பதிவு: காசைத் தேய்க்கக் கூடாது என்றுகூடத் தெரியாதவர்களை யார் உள்ளே விட்டது என்று அட்மினைக் கேட்டிருந்தார்.

பெரியவர் சொன்ன விஷயத்தில் தவறில்லை. செம்பின்மேல் காலப்போக்கில் படியும் பழுப்புப் படலம்தான் அதற்குக் காப்பு. புளியோ பாத்திரப் பொடியோ பட்டால் படலம் போகும், எழுத்தின் விளிம்பு மழுங்கும், விலையும் இறங்கும். இந்த மூன்றையும் அந்தப் பெண்ணிடமே சொல்லியிருந்தால் அரை நிமிடம் ஆகியிருக்கும்.

அன்று இரவு அவருடைய எண்ணுக்குத் தனியாக ஒரு செய்தி. "வணக்கம் மேடம். குழுவில் உங்களிடம் அப்படிப் பேசியது எனக்கு வருத்தமாக இருந்தது. உங்கள் காசுகளில் இரண்டு மிகவும் அபூர்வமானவை." அதை அவர் போனில் நான் படித்தேன். அத்தனை மரியாதையான தமிழை எங்கள் குழுவில் நான் பார்த்ததே இல்லை. மறுநாள் ரிசர்வ் வங்கி முத்திரையோடு ஒரு கடிதம் வந்தது. இரண்டு காசுக்கும் சேர்த்து நாலு லட்சம் ரூபாய் என்று அதில் போட்டிருந்தது. பதிவுக் கட்டணம் 1,150 ரூபாய் என்று ஆரம்பித்தார்கள். பிறகு ஜிஎஸ்டி. பிறகு இன்ஷூரன்ஸ். பணத்தோடு கிளம்பிய வண்டி திருச்சி தாண்டிச் சோதனைச் சாவடியில் நிற்கிறது, அதை விடுவிக்க ஒரு தொகை. கழுத்துச் சங்கிலி அடகுக்குப் போன பிறகுதான் வீட்டில் விஷயம் தெரிந்தது.

இந்த ஏமாற்று புதிதில்லை. ரிசர்வ் வங்கியின் பெயரையும் சின்னத்தையும் காட்டிப் பழைய நோட்டு, நாணய வியாபாரத்துக்குக் கட்டணம், கமிஷன், வரி என்று யாரோ வசூலிக்கிறார்கள். இந்த வியாபாரத்துக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்ட் 4-ஆம் தேதி அறிவித்தது. நம் ஆட்களில் பாதிப் பேருக்கு இது தெரியும். தெரிந்ததைச் சொல்லத்தான் பொறுமை இல்லை.

பொறுமை ஏன் போகிறது என்பதும் எனக்குப் புரிகிறது. வைஷ்ணவி தேவி படம் போட்ட ஐந்து ரூபாய்க்கும் பத்து ரூபாய்க்கும் லட்சம் ரூபாய் கிடைக்குமா என்று ஒரே கேள்வியை வாரத்துக்கு வாரம் யாராவது கேட்கிறார்கள். அது வைஷ்ணவி தேவி கோயில் வாரியத்தின் வெள்ளிவிழாவுக்காக 2012-இல் அச்சிட்ட நாணயம். கடையில் கொடுத்தால் ஐந்துக்கு ஐந்து, பத்துக்குப் பத்து. டிராக்டர் போட்ட ஐந்து ரூபாய் நோட்டு, 786-இல் முடியும் நோட்டு என்று கேள்வி மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். ராமர் பட்டாபிஷேகம் போட்டு, 1818 என்று வருடமும் போட்டு, கிழக்கிந்தியக் கம்பெனி காசு என்று ஒன்றைக் கொண்டுவருவார்கள். கம்பெனி அப்படி ஒரு நாணயம் வெளியிட்டதே இல்லை. அதையே 'அரிசியை இழுக்கும்' என்று கதை கட்டி, ரைஸ் புல்லிங் என்ற பெயரில் லட்சக்கணக்கில் சுருட்டும் கும்பல்களும் உண்டு. கோபுரக் கலசத்தில் இரிடியம் என்று சொல்லித் திரிபவர்களும் அதே ரகம். கோயில் நிறைந்த நம் ஊரில் அந்தக் கதைக்குக் காது கொடுப்பவர் எப்போதும் இருப்பார்.

இதற்கு நான் சொல்லும் ஏற்பாடு எளிது. இந்தக் கேள்விகளுக்கெல்லாம் நல்ல தமிழில் ஒரே பதிலை எழுதி, படங்களோடு குழுவின் மேலே நிறுத்திவையுங்கள். மாதம் ஒருவர் என்று முறை வைத்து, புதிதாக வருபவருக்கு அவர் மட்டும் பதில் சொல்லட்டும். மற்றவர்கள் அந்தக் கேள்விக்கு ஸ்டிக்கர் போடக் கூடாது. முறைக்காரர் முதலில் மூன்றைச் சொல்லிவிட வேண்டும்: காசைத் தேய்க்காதீர்கள், இங்கே யாரும் உங்களிடம் முன்பணம் கேட்கமாட்டார்கள், தனியாக மெசேஜ் அனுப்பி விலை பேசுபவர் யாரானாலும் அதைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். யுபிஐ-யில் நமக்குப் பணம் வருவதற்கு PIN நம்பர் போட வேண்டியதில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது. PIN போட்டால் பணம் வரும் என்ற பேச்சில் படித்தவர்களே விழுகிறார்கள்.

இன்னொரு விதியும் அவசியம் என்று நினைக்கிறேன். இதைச் சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள். காசைப் பார்த்து விலை சொல்பவர் அதைத் தானே வாங்கக் கூடாது. புதியவர் கொண்டுவந்த காசை "சாதாரண காசுதான் தம்பி, இருந்தாலும் இருநூறு தர்றேன்" என்று வாங்கி, மறு வாரமே பல மடங்குக்குக் கைமாற்றும் 'அண்ணன்'கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். சட்டப்படி இதைப் பிடிப்பது சிரமம். ஆனால் ஏமாந்த பையன் அதைத் தெரிந்துகொள்ளும் நாளில் பொழுதுபோக்கையே விட்டுவிடுகிறான், போகிற போக்கில் நாலு பேரிடம் நம் எல்லோரையும் திட்டிவிட்டும் போகிறான். வாங்கியே ஆக வேண்டுமென்றால் வேறு இருவர் விலை சொல்லட்டும். குழுவுக்குள் விற்பனை என்றால் காசின் இரண்டு பக்கப் படம், கிராமில் எடை, விட்டம் மூன்றும் இருக்க வேண்டும். ரெப்ளிகா, அதாவது அசலைப் போலச் செய்த நகல், என்று பின்னால் தெரியவந்தால் எப்போது கொண்டுவந்தாலும் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். புதியவர்கள் முதல் சில மாதங்கள் கூட்டத்தில் நேருக்கு நேர் பார்த்து மட்டும் வாங்கட்டும்.

எங்கள் கூட்டத்தில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். புதிதாக ஒரு பையன் வந்தால் தன் பையிலிருந்து தேய்ந்த ராஜராஜன் செப்புக்காசு ஒன்றை எடுத்து அவன் உள்ளங்கையில் வைப்பார். கூடவே ஒரு லென்ஸ். ஒரு பக்கம் நிற்கிற உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவம், அதன் அருகே நாகரி எழுத்தில் 'ஸ்ரீ ராஜராஜ'. "எத்தனை எழுத்து தெரியுதுன்னு எண்ணிச் சொல்லு" என்பார், அவ்வளவுதான். ஒரு தடவை ஒரு சிறுவன் எண்ணி முடித்துவிட்டு, "பெரிய கோயில்ல பூரா தமிழ்ல வெட்டிருக்காரே, காசுல மட்டும் ஏன் தமிழ் இல்ல?" என்று கேட்டான். அன்றைய கூட்டம் அந்தக் கேள்வியிலேயே ஓடியது. அந்தக் காசு அபூர்வமே இல்லை, ஏராளமாகக் கிடைப்பது. சோழர் காசு என்றாலே கோடி என்று நம்பிவந்த பையனுக்கு, அது கைக்கு எட்டுகிற விலைதான் என்பது அங்கேயே புரிந்துவிட்டது. விலைப் பைத்தியம் தெளிய இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது.

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். டெல்டாவில் காசு மண்ணிலிருந்து வருகிறது. கொல்லையில் கிணறு வெட்டும்போது வரும், உழும்போது கலப்பையில் தட்டும், ஆற்றுப் படுகையில் சலித்தால் வரும். 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரர் வைத்திருந்த தரங்கம்பாடியில், கடல் கொந்தளித்து அடங்கினால் மணலில் காசு தேடுவார்கள். இப்படிக் கிடைத்ததைப் புதியவர் ஒருவர் ஆர்வத்தோடு காட்டும்போது, "யார்கிட்டயும் சொல்லாதீங்க, என்கிட்ட குடுத்துடுங்க" என்று காதில் ஓதும் மூத்தவர், அவரைக் குற்றவாளிக் கூண்டை நோக்கி நடத்துகிறார். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. மண்ணில் மறைந்திருந்த பொருள் பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம், கிடைக்கவேண்டிய பங்கும் போகும். தெரிவித்தால் எல்லாவற்றையும் அரசாங்கம் சும்மா வாரிக்கொண்டு போய்விடும் என்ற பயமும் சரியில்லை. அரசு எடுத்துக்கொண்டால் உலோக மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தர வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. அது சேகரிப்பாளர் விலைக்குப் பக்கத்தில் வராது என்பது உண்மைதான். ஆனாலும் போலீஸ் வாசலில் நிற்பதைவிட மேல்.

நூறு வருடம் கடந்த நாணயம் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வந்துவிடுகிறது. அதை வியாபாரமாக விற்க உரிமம் வேண்டும். வெளிநாட்டுக்குத் தனிநபர் அனுப்பவே கூடாது. சிங்கப்பூரில் இருக்கும் மச்சானுக்கு ஒரு நாயக்கர் காசைக் கூரியரில் அனுப்பலாமா என்று கேட்பவர்களுக்கு இதை யாராவது சொல்ல வேண்டும்.

செல்லாத நோட்டு விஷயமும் அப்படித்தான். 2016 நவம்பரில் செல்லாமல் போன 500, 1000 ரூபாய் நோட்டுகளைப் பத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது; ஆய்வுக்கும் நாணயவியலுக்கும் 25 வரை வைத்துக்கொள்ளலாம் என்கிறது 2017-இல் வந்த சட்டம். மீறினால் அபராதம் உண்டு. "கட்டுக் கட்டா இருக்கு, வேணுமா" என்று ஒருவர் குழுவில் கேட்டால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் நான் கறாராகவே இருப்பேன். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் தங்கள் எண்ணில் குழுவில் சேர வேண்டாம்; அப்பாவோ அம்மாவோ சேரட்டும். பெரியவர் யாரும் சிறுவர்களோடு தனியாகச் சாட் செய்யக் கூடாது, வீட்டுக்குத் தனியாகக் கூப்பிட்டுக் கலெக்ஷன் காட்டக் கூடாது. எவ்வளவு பெரிய சேகரிப்பாளராக இருந்தாலும் இதில் விலக்கு கிடையாது. தப்பாக ஏதாவது காதில் விழுந்தால் "நம்ம ஆளுதான், பேசி முடிச்சுக்கலாம்" என்று மூடுவதற்கு இடமே இல்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம், 2012 அதன் 19-ஆம் பிரிவில் விஷயம் தெரிந்த எவரும் போலீஸில் சொல்லியாக வேண்டும் என்கிறது. சொல்லாமல் விட்டால் அதுவே தனிக் குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098.

பெண்கள் பலர் குழுவை விட்டுப் போகிற காரணம் இன்னும் சாதாரணமானது. குழுவில் சேர்ந்தவுடன் அவர்கள் எண் எல்லோருக்கும் தெரிகிறது. அன்று இரவே "ஹாய்" ஆரம்பிக்கிறது. அனுமதி கேட்காமல் தனிச்செய்தி அனுப்பினால் ஒரு தடவை எச்சரிக்கை, மறு தடவை வெளியே என்று எழுதிவைத்து, அதைச் செய்தும் காட்டுங்கள். ஒருவரை நீக்கினால் ஏன் நீக்கினோம் என்று பெயர் சொல்லாமல் குழுவில் ஒரு வரி போடுவது நல்லது. இல்லாவிட்டால் அந்தப் பெண்தான் ஏதோ செய்துவிட்டார் என்று பேச்சு வரும்.

அட்மின்கள் அடிக்கடி என்னைக் கேட்பது: "யாரோ போடறதுக்கு நான் ஜெயிலுக்குப் போவேனா சார்?" வெறும் அட்மின் என்ற ஒரே காரணத்துக்காக, உறுப்பினர் போட்ட பதிவுக்கு அவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு 2021-இல் வெளியான தீர்ப்பில் சொன்னது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வும் அதே வழியில் போனது. அட்மினும் கூடச் சேர்ந்து செய்தார் என்று காட்டினால் கதை வேறு. சட்டப் பயம் தெளிந்ததும் பல அட்மின்கள் முழுக்கக் கைகழுவிவிடுகிறார்கள் என்பது எனக்கு வருத்தம்.

பணம் போய்விட்டது என்று புதியவர் ஒருவர் குழுவில் அழுதால், "அப்பவே சொன்னோம்ல" என்பதை நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்குப் போன் போடச் சொல்லுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறிப் போவதற்குள் வங்கியில் முடக்கினால்தான் மீட்க வழி உண்டு, எனவே மணிக்கணக்கில் யோசிக்கக் கூடாது. பிறகு தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பதிவு செய்து, புகார் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளட்டும். அவமானத்தில் மோசடிக்காரனோடு பேசிய வாட்ஸ்அப் செய்திகளை அழித்துவிடுவார்கள், அதைத் தடுங்கள். வழக்கு என்று வந்தால் அந்தச் செய்திகளை மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழோடு கோர்ட்டில் வைக்க வேண்டும், போனும் அதே நிலையில் இருக்க வேண்டும். குழுவில் செய்திகள் தானாக மறையும் வசதியை யாராவது போட்டு வைத்திருந்தால் அதை இன்றே அணைத்துவிடுங்கள். முறைக்காரர் யாராவது கூடவே ஸ்டேஷனுக்குப் போனால் இன்னும் நல்லது: காசு என்றால் என்ன, அதன் சரியான விலை என்ன, கடிதம் ஏன் போலி என்று இன்ஸ்பெக்டருக்கு விளக்க அந்த இடத்தில் வேறு யாருக்கும் தெரியாது.