குப்பை எடுப்பது யார் கடமை? திருகோணமலை வாசிகளுக்கு ஒரு விளக்கம்

வீட்டுக் குப்பையை வந்து எடுப்பது சபை நமக்குச் செய்யும் உதவி அல்ல, சட்டம் அதன் தலையில் வைத்த கடமை. மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்தின் 129ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. நகர சபைகளுக்கு 118ஆம் பிரிவு, பிரதேச சபைகளுக்கு 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் 93ஆம் பிரிவு. வீதியைக் கூட்ட வேண்டும், வீட்டுக் குப்பையை உரிய காலத்துக்கு ஒருமுறை அகற்ற வேண்டும், அகற்றியதை முறையாக ஒழிக்க வேண்டும் என்பதுதான் மூன்றின் சாரமும். இதற்கு அடுத்த பிரிவைப் பலர் கவனிப்பதில்லை. சபை சேகரித்த குப்பை சபையின் சொத்து என்கிறது அது. பசளையாக்கி விற்றால் வருமானம் சபைக்கு. சரி, சொத்து சபையுடையது என்றால், அது கொட்டிக் கிடந்து நாறும்போது கேள்வியும் சபையிடம்தானே போக வேண்டும்?

முறைப்பாடு செய்யுமுன் நீங்கள் எந்தச் சபைக்குள் இருக்கிறீர்கள் என்று பாருங்கள். நகரம் மாநகர சபைக்குள் வருகிறது. அண்மைக்காலம் வரை அது நகர சபையாக இருந்தது. உப்புவெளி ‘பட்டினமும் சூழலும்’ என்ற பெயருள்ள பிரதேச சபைக்குரியது. நிலாவெளிக்குப் போனால் குச்சவெளிப் பிரதேச சபை. கிண்ணியாவில் நகர சபையும் உண்டு, பிரதேச சபையும் உண்டு. எல்லை வீதிகளில் குடியிருப்பவர்கள் ஆதனவரிப் பற்றுச்சீட்டை எடுத்துப் பார்ப்பது நல்லது. பணம் வாங்கும் சபையின் பெயர் அதில் இருக்கும்.

சபைகளுக்கு மேலே இரண்டு அடுக்குகள் உள்ளன. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் மத்திய சுற்றாடல் அதிகாரசபை நாடு முழுவதற்குமான தரங்களையும் தடைகளையும் கவனிக்கிறது. அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின்படி உள்ளூராட்சி மாகாணத்தின் பொறுப்பு. அதனால் நம் சபைகளை மேற்பார்வை செய்வது கிழக்கு மாகாண உள்ளூராட்சித் திணைக்களம். மாகாண சபையின் காலம் 2017இல் முடிந்தபின் தேர்தல் நடக்கவில்லை, ஆளுநரின் கீழேயே நிர்வாகம் ஓடுகிறது.

மாகாணம் குப்பை வண்டி ஓட்டுவதில்லை. ஆனாலும் பெரிய வேலை அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். நகரத்துக் குப்பை நெடுங்காலமாகக் கன்னியாப் பக்கம் போய்க் கொட்டப்பட்டது. வெறும் நிலத்தில் கொட்டுவதும் சுகாதார முறையில் நிலத்தில் நிரப்புவதும் ஒன்றல்ல. இரண்டாவதில் அடியில் நீர் கசியாத விரிப்புப் போடுவார்கள், குப்பையிலிருந்து வடியும் கரிய நீரைச் சேர்த்துச் சுத்திகரிப்பார்கள், அன்றன்று மண்ணால் மூடுவார்கள், வாயு வெளியேறக் குழாய் வைப்பார்கள். முதலாவதில் இவை எதுவும் கிடையாது. மழை பெய்தால் அந்த நீர் கிணறுகளை நோக்கிப் போகும். மேடு உயர்ந்துகொண்டே போனால் என்ன ஆகும் என்பதை 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு தினத்தன்று கொழும்பு மீதொட்டமுல்லையில் பார்த்தோம். சரிந்த குப்பைக்குள் 30க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். முறையான நிரப்பு நிலம் ஒன்றை ஒரு சிறிய பிரதேச சபை தன் வருமானத்தில் கட்ட முடியாது. பல சபைகள் சேர்ந்து ஒன்றைப் பயன்படுத்த வேண்டும், அப்படிச் சேர்த்துவைக்க மாகாணத்தால்தான் முடியும். மேல் மாகாணம் இதற்கென்றே ஒரு கழிவு முகாமைத்துவ அதிகாரசபையை வைத்திருக்கிறது.

இனி நம் பக்கம். வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் உக்கக்கூடியது: மரக்கறித் தோல், சோறு, மீன் கழிவு, இலை சருகு. இதைத் தனியாக வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். தேசிய நிறக் குறியீட்டில் உக்கும் கழிவுக்குப் பச்சை, கடதாசிக்கு நீலம், பிளாஸ்ரிக், பொலித்தீனுக்குச் செம்மஞ்சள், கண்ணாடிக்குச் சிவப்பு, உலோகத்துக்குக் கபிலம். வளவு உள்ளவர்கள் பசளைத் தொட்டி ஒன்று வைத்தால் பச்சைக்கு வண்டியே தேவைப்படாது. நாம் பிரித்துக் கொடுத்ததை டிராக்டர் பெட்டிக்குள் ஒன்றாகக் கலந்துவிடுவதைக் கண்டால் சபைக்கு எழுதுங்கள். வீட்டில் பிரிக்கச் சொல்லும் சபை, வண்டியிலும் பிரித்தே ஏற்ற வேண்டும்.

தடைகளின் பட்டியல் நீளமானது. 2017 செப்டெம்பரில் வந்த வர்த்தமானிகள் 20 மைக்ரோனும் அதற்குக் குறைந்ததுமான தடிப்புள்ள மெல்லிய பொலித்தீனையும், ரெஜிபோம் உணவுப் பெட்டிகளையும், பொலித்தீன் அலங்காரங்களையும் தடை செய்தன. திருவிழா, தேர்தல் காலங்களில் அந்த அலங்காரத் தடையை யார் நினைக்கிறார்கள் என்பது வேறு கதை. 2023 ஒக்டோபர் முதல் ஸ்ட்ரோ, பிளாஸ்ரிக் கரண்டி, முள்ளுக்கரண்டி, மாலை, இடியப்பத் தட்டு ஆகியவையும் சேர்ந்தன. 2025 நவம்பர் 1 முதல் கைபிடியுள்ள சொப்பிங் பையைக் கடைக்காரர் இலவசமாகத் தரக் கூடாது. அதன் விலை பில்லில் தனியாக வர வேண்டும். நகருக்குள் திரியும் புள்ளிமான்கள் குப்பையோடு பொலித்தீனையும் தின்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சட்டங்களின் தேவையைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

குப்பையைத் திறந்த வெளியில் எரிப்பதும் அதே 2017 வர்த்தமானிகளால் தடைசெய்யப்பட்டதுதான். வளவு மூலையில் சருகோடு சேர்த்துப் பொலித்தீனை எரிக்கும் பழக்கம் நம்மிடம் விட்டபாடில்லை.

வண்டி வராவிட்டால் தொலைபேசியில் சண்டை பிடிப்பதை விட எழுத்தில் முறையிடுங்கள். பிரதியில் கையொப்பமும் திகதி முத்திரையும் வாங்குங்கள். நுளம்பு, துர்நாற்றம் என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் சொல்லலாம். பொதுத் தொல்லையை அகற்று, இல்லாவிட்டால் வந்து காரணம் சொல் என்று நிபந்தனைக் கட்டளை இடும் அதிகாரம், 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவின்படி நீதவானுக்கு உண்டு. அதற்கு முன் செலவு குறைந்த வழி, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். உங்கள் வீதிக்கு வண்டி வரும் நாட்கள் எவை, சேர்க்கும் குப்பை எங்கே போகிறது, பசளை விற்ற வருமானம் எவ்வளவு என்று சபையின் தகவல் உத்தியோகத்தரிடம் எழுதிக் கேளுங்கள். கேட்பதற்கான காரணத்தைச் சொல்ல வேண்டியதில்லை. 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவைத் தெரிவிக்க வேண்டும்.