வாய்ச்சொல்லில் ஓடும் வாடகை வீடுகள்

யாழ்ப்பாண நகரத்தில் அண்மையில் வாடகை வீடு தேடி அலைந்தவர்களுக்கு நிலைமையை விளக்க வேண்டியதில்லை. பல்கலைக்கழகத்தை ஒட்டிய பரமேஸ்வராச் சந்தியைச் சுற்றியும் ஆடியபாதம் வீதியிலும் குடும்பங்கள் இருந்த வீடுகள் ஒவ்வொன்றாக மாணவர் விடுதிகளாகின்றன. நல்லூரில் கோயிலுக்கு நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் வீடுகள் திருவிழாவின் இருபத்தைந்து நாட்களையும் எதிர்பார்த்து நாள்வாடகைக்கு மாறுகின்றன. கந்தர்மடத்தில் பழைய நாற்சார் வீட்டை இடித்த வளவில் மாடிகள் எழுகின்றன. அங்கெல்லாம் இருந்த ஆசிரியர்களும் தாதியரும் கடைச் சிப்பந்திகளும் முதலில் கோண்டாவிலுக்குப் போனார்கள். இப்போது சுன்னாகத்தையும் தாண்டி வீடு தேடுகிறார்கள்.

நான் இந்த நகரத்தில் சட்டத்தரணியாகவும் உறுதிகள் எழுதும் நொத்தாரிசாகவும் தொழில் செய்கிறேன். வாடகை ஏறுவதை என்னால் நிறுத்த முடியாது. ஆனால் என் மேசைக்கு வரும் குடும்பங்களில் பெரும்பாலானவை வாடகை ஏறியதால் மட்டும் வீதிக்கு வந்தவை அல்ல. கையில் முறையான எழுத்து ஒன்றும் இல்லாததால், ஒரு மாத அவகாசத்தில் பெட்டி கட்ட வேண்டியவர்களாக ஆனவர்கள் அவர்கள். அதைத் தடுக்கலாம். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வாடகை ஏன் ஏறுகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2014இல் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கியது. 2019இல் பலாலியில் சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாதத்துக்குள் 360 ரூபாயளவுக்குப் போனது. ரொறன்ரோவிலோ லண்டனிலோ உழைப்பவருக்கு இங்கே ஒரு பரப்புக் காணி திடீரென மலிவாகியது. இங்கே மாதச் சம்பளம் வாங்குபவருக்கு அதே காணி கனவாகியது. சீமெந்தும் கம்பியும் விலை ஏறின. புதிதாகக் கட்டியவர் போட்ட பணத்தை வாடகையில் எடுக்கப் பார்த்தார். அவர் கேட்கும் தொகையைப் பார்த்துப் பக்கத்து வளவுக்காரரும் தன் பழைய வீட்டின் வாடகையைக் கூட்டினார்.

இனி எழுத்துக்கு வருவோம்.

இங்குள்ள வாடகைகளில் பெரும்பகுதி வாய்ச்சொல்லில்தான் ஓடுகிறது. உரிமையாளர் வெளிநாட்டில் இருப்பார். அவருடைய மாமாவோ ஒன்றுவிட்ட தங்கையோ மாதா மாதம் வந்து காசை வாங்கிக்கொண்டு போவார். பற்றுச்சீட்டு இல்லை. அண்மையில் ஓர் அம்மா என்னிடம் கொண்டுவந்தது எண்பது பக்க அப்பியாசக் கொப்பி ஒன்று. ஒவ்வொரு மாதமும் கொடுத்த தொகையும் திகதியும் அவருடைய கையெழுத்திலேயே இருந்தன. வாங்கியவருடைய கையெழுத்து முதல் மூன்று மாதங்களுக்கு மட்டும் இருந்தது. நான்காவது மாதம் கொப்பியை நீட்டியபோது, “என்ன அக்கா, என்னில் நம்பிக்கை இல்லையா?” என்று கேட்டாராம். அதன் பிறகு இவர் நீட்டவே இல்லை. “ஊர்ப் பிள்ளையிடம் கையெழுத்துக் கேட்பது மரியாதையா தம்பி?” என்று என்னிடமும் கேட்டார். எங்கள் ஊரில் எழுத்தைத் தடுப்பது பெரும்பாலும் இந்த மரியாதைதான்.

உரிமையாளர் பக்கத்தில் இருப்பது பயம். “பத்து வருடம் இருந்தால் வீடு அவர்களுக்கே போய்விடும்” என்ற பேச்சை நான் கேட்காத மாதமில்லை. அந்தப் பயம் வெறும் கற்பனை என்று தள்ளிவிட மாட்டேன். 1995இல் ஒரே இரவில் நகரத்தை விட்டுப் போனவர்கள் திரும்பி வந்தபோது தங்கள் வீட்டில் வேறு யாரோ சமைத்துக்கொண்டிருந்ததைக் கண்ட குடும்பங்கள் இங்கே உண்டு. அதனால்தான் பலர் பதினொரு மாதத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுகிறார்கள், அல்லது வீட்டைப் பூட்டிக் கறையானுக்குக் கொடுக்கிறார்கள்.

ஆனால் சட்டத்தில் உள்ளதை உரிமையாளர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் பத்தாண்டு ஆட்சியை, அதாவது ஒருவர் சொத்தைத் தன் கைவசம் வைத்திருப்பதைப் பற்றிப் பேசும்போது, உரிமையாளருக்கு எதிராக, அவருடைய உரிமையை ஏற்காமல் இருந்த ஆட்சியையே கணக்கில் எடுக்கிறது. வாடகை கொடுப்பது அந்த உரிமையை ஏற்றுக்கொள்ளும் செயல். வாடகை கொடுத்து இருபது வருடம் இருந்தவருக்கும் அந்த இருப்பினால் வீடு சொந்தமாகிவிடாது. ஆகவே வாடகைப் பற்றுச்சீட்டு உரிமையாளருக்குத்தான் முதல் காவல். எழுத்தைத் தவிர்ப்பவர் தன் சொந்தச் சாட்சியத்தையே அழிக்கிறார். போரினால் தங்கள் காணிக்கு வரமுடியாமல் போனவர்களுக்கு, 1983 மே மாதத்திலிருந்து 2009 மே வரையான காலத்தைக் கணக்கில் எடுக்காமல் விடும் விசேட சட்டம் ஒன்றும் 2016இல் வந்தது. 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம், குத்தகை முடிந்தும் வெளியேறாதவரிடமிருந்து இடத்தை மீட்க மாவட்ட நீதிமன்றத்தில் விரைவான நடைமுறையைத் தருகிறது. இவ்வளவும் இருக்கும்போது, ஒரு குடும்பத்தை வருடந்தோறும் வீடு மாற்ற வைப்பதற்கு அந்தப் பழைய பயம் காரணமாக இருக்கக் கூடாது.

குடியிருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது இன்னும் அவசரமானது. 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் தங்களைக் காப்பாற்றும் என்று பலர் நம்பியிருக்கிறார்கள். அது பழைய குடிகளை வலுவாகக் காத்த சட்டம்தான். ஆனால் 1980இலும் 2002இலும் வந்த திருத்தங்களுக்குப் பிறகு, இன்று புதிதாக வாடகைக்கு விடப்படும் வீடுகளில் பெரும்பாலானவற்றை அது எட்டுவதில்லை. எழுத்தில்லாத மாத வாடகை என்றால், ஒரு மாத அறிவித்தலோடு உங்களுடைய உரிமை முடிந்துவிடும். பிள்ளையின் சாதாரண தரப் பரீட்சை அடுத்த மாதம் என்பதும் வயதான தகப்பன் கட்டிலில் என்பதும் அந்த அறிவித்தலை நிறுத்தாது.

“எங்களிடம் எழுத்து இருக்கிறதே” என்று சிலர் ஒரு தாளை எடுத்து வைப்பார்கள். ஐந்து வருடம் என்று எழுதி, முத்திரை ஒட்டி, இருவரும் கையெழுத்திட்டு, சமாதான நீதவான் ஒருவரின் இறப்பர் முத்திரையும் குத்தப்பட்டிருக்கும். பார்க்க உறுதியாகத்தான் இருக்கும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். அப்படி எழுதப்படாத ஐந்து வருடக் குத்தகை, ஐந்து வருடக் குத்தகையாக நிற்காது. கொடுத்த காசுக்குச் சான்றாக அந்தத் தாள் உதவலாம். தங்கியிருக்கும் உரிமையை அது தராது. நொத்தாரிசுக் கூலியையும் முத்திரைச் செலவையும் மிச்சம் பிடிக்கப் போய், முற்பணமாக இலட்சங்களைக் கொடுத்துவிட்டு இந்தத் தாளோடு வருபவர்களைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது.

எழுதுவதற்கு முன் யார் கையெழுத்திடுகிறார் என்று பாருங்கள். எங்கள் ஊரில் இது தனிச் சிக்கல். வீடு பெரும்பாலும் மகளுக்குச் சீதனமாக எழுதப்பட்டிருக்கும். மகள் வெளிநாட்டில் இருப்பார், தாய் தனக்குச் சீவிய உரித்தை, அதாவது உயிரோடு இருக்கும்வரை வீட்டை அனுபவிக்கும் உரிமையை, வைத்துக்கொண்டிருப்பார். தாய் மனமுவந்து உங்களுக்கு ஐந்து வருடக் குத்தகை எழுதித் தருவார். இரண்டாம் வருடம் அவர் காலமானால் சீவிய உரித்து அவரோடு முடிகிறது, உங்கள் குத்தகையும் அதோடு முடியக்கூடும். அப்படி ஒரு வழக்கில், தாயின் அந்தியேட்டிக்கு வந்த மகள் திரும்பிப் போவதற்குள் வீட்டை விலை பேசிவிட்டார். குடியிருந்தவர்கள்தான் செத்த வீட்டுக்குப் பந்தல் போட்டவர்கள். அந்த மகளைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனமில்லை. அவருக்கு அங்கே அவருடைய கடன். ஆனால் குத்தகை எழுதிய அன்றே மகளும் ஒப்பமிட்டிருந்தால், அல்லது தன் சார்பில் ஒப்பமிட வேறொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் அற்றோணித் தத்துவம் ஒன்றை அனுப்பியிருந்தால், அந்தக் குடும்பம் மிச்ச மூன்று வருடத்தையும் அங்கே கழித்திருக்கும்.

சகோதரர்களுக்குப் பொதுவான வீடென்றால் எல்லோரும் ஒப்பமிட வேண்டும். மாமா கையெழுத்திடுகிறார் என்றால் அவரிடம் உள்ள அற்றோணித் தத்துவத்தை வாங்கிப் படியுங்கள். பராமரிக்கவும் வாடகை அறவிடவும் மட்டும் அதிகாரம் கொடுத்து, குத்தகை எழுத அதிகாரம் கொடுக்காதவையும் உண்டு.

எழுதிய குத்தகையைக் காணிப் பதிவகத்தில் பதிவு செய்யுங்கள். வீடு விற்கப்பட்டால் குத்தகை போய்விடும் என்று நினைப்பது தவறு. எங்கள் நாட்டில் செல்லும் உரோம டச்சுச் சட்டத்தின்படி, வாங்குபவர் இருக்கின்ற குத்தகையோடுதான் வாங்குகிறார். ஆனால் பதிவு செய்யாத குத்தகை, பிறகு பதிவான விற்பனை உறுதிக்கு முன் தோற்றுவிடலாம். கஸ்தூரியார் வீதியிலும் ஸ்ரான்லி வீதியிலும் கடை வைத்திருப்பவர்கள் இதை இரண்டு முறை வாசிக்க வேண்டும். தையல்கடைக்காரருக்கு இடம்தான் முதலீடு. இருபது வருட வாடிக்கையாளர் அந்தப் படிக்கட்டைத் தேடித்தான் வருகிறார்கள். கட்டடத்தை இடித்து மாடி கட்டப் போகிறோம் என்று புதியவர் வந்து நிற்கும்போது, பதிவான குத்தகை இருந்தால் நட்டஈட்டைப் பற்றியாவது பேச முடியும்.

வாடகை எப்போது, எத்தனை வீதம் கூடும் என்பதைக் குத்தகையிலேயே எழுதிவிடுங்கள். முற்பணம் எவ்வளவு, எத்தனை நாளில் திரும்பும் என்பதும் அதில் இருக்கட்டும். மின்கட்டணமும் சோலை வரியும் யாருடையவை என்று குறிக்க மறக்காதீர்கள். கிணறு பொது என்றால் அதையும் சேருங்கள். மாடி வீட்டுக்காரர் மலசலகூடக் குழியைக் கிணற்றடியில் வெட்டிய பிறகு பேசுவதில் பயனில்லை; சுண்ணக்கல் நிலத்தில் அந்த நீர் நேரே கிணற்றுக்குத்தான் வரும்.

வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டின் வாடகையை அங்குள்ள நாணயத்தில் பெருக்கிப் பார்க்காதீர்கள். உங்கள் அம்மாவுக்குச் சேலைன் ஏற்றிய தாதியும், உங்கள் மருமகனுக்குக் கணிதம் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியரும் கொடுக்கக்கூடிய தொகை எது என்று கேளுங்கள். மூன்று வருடமோ ஐந்து வருடமோ முறையாக எழுதிக் கொடுங்கள். முற்றம் கூட்டி, கூரை ஓடு மாற்றி, கிணறு இறைத்து வைத்திருக்கும் ஒரு குடும்பம், அதிக வாடகை தருவதாகச் சொல்லி எட்டு மாதத்தில் போய்விடுபவரைவிட உங்களுக்கு இலாபம். இரண்டு வகை வீடுகளின் திருத்தச் செலவுக் கணக்கையும் நான் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, இப்போதே நெருக்கடியில் இருப்பவர்களுக்கு. அறிவித்தல் தந்துவிட்டால்கூட, உரிமையாளர் தானாக உங்களை வெளியேற்ற முடியாது; அதற்கு நீதிமன்றக் கட்டளை வேண்டும். பூட்டை மாற்றுவது, சாமான்களை முற்றத்தில் எறிவது, மின்சாரத்தைத் துண்டிப்பது எல்லாம் சட்டத்துக்கு வெளியே நடப்பவை. பலவந்தமாக வெளியேற்றப்பட்டால் 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் முறையிடலாம். வெளியேற்றம் நடந்து இரண்டு மாதத்துக்குள் விண்ணப்பம் நீதிமன்றத்தில் இருந்தால் உங்களை மீண்டும் அங்கே அமர்த்தக் கட்டளையிட முடியும். அந்த இரண்டு மாதத்தைச் சமரசப் பேச்சிலேயே கழித்துவிட்டு வருபவர்கள் அதிகம். பேசுங்கள், ஆனால் முறைப்பாட்டை அன்றே பொலிஸில் பதிந்துவிட்டுப் பேசுங்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லை என்றால் யாழ்ப்பாணத்திலுள்ள சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போகலாம். போகும்போது அடையாள அட்டை, மின்பட்டியல், வாக்காளர் பதிவில் அந்த முகவரி இருப்பதற்கான சான்று, பாடசாலை அனுமதிக் கடிதம், வங்கியில் கட்டியிருந்தால் அதன் சிட்டை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். வேறொன்றும் இல்லையென்றால் அந்த அப்பியாசக் கொப்பியையாவது கொண்டுபோங்கள். அதில் மூன்று கையெழுத்து இருந்தாலும் அது சாட்சியம்தான்.