நீச்சலை விட்டுக்கொடுத்த மீன்

அலை பின்வாங்கிய நேரம். கரையோரப் பாறையில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தால் உள்ளிருந்து ஒரு தலை எட்டிப் பார்க்கும். மழுங்கிய முகம், உச்சியில் துருத்திய கண்கள், கண்ணுக்கு மேலே புருவம் மாதிரி சின்னக் குஞ்சம். ஒரு கண் நம்மை நோட்டம் விடும்போதே இன்னொரு கண் வேறு பக்கம் சுழலும். நம் நிழல் கொஞ்சம் அசைந்தால் போதும், தலை உள்ளே போய்விடும்.

இதுதான் பிளென்னி. இந்தக் குடும்பத்தில் சுமார் 400 இனங்கள் உண்டு. பெரும்பாலானவை ஒரு சாண் நீளத்தைத் தாண்டாது.

மீன் என்றால் மிதக்க வேண்டும் என்றுதான் நினைப்போம். பல மீன்களுக்கு அதற்கென்றே வயிற்றுக்குள் ஒரு காற்றுப்பை இருக்கிறது. பிளென்னிகளில் பெரும்பாலானவற்றுக்கு, வளர்ந்த பிறகு அது இருப்பதில்லை. நீந்துவதை நிறுத்தினால் நேராகத் தரைக்குப் போய்விடும். கேட்பதற்குப் பெரிய குறையாகத் தெரியும். ஆனால் அலை மோதும் பாறையில் மிதப்பவனுக்குத்தான் ஆபத்து. அடுத்த அலை தூக்கிப்போய் எங்காவது அறைந்துவிடும். கனமாக இருப்பவன் இடுக்கில் ஒண்டிக்கொண்டு தப்பிப்பான். நெஞ்சுக்கு முன்னால் தள்ளி இருக்கும் இரண்டு மெல்லிய துடுப்புகளை முட்டுக்கொடுத்து உட்காரத்தான் பிளென்னி பயன்படுத்துகிறது. செதிலும் கிடையாது. வழவழப்பான தோல் என்பதால் சொரசொரப்பான வளைக்குள் முன்னும் பின்னும் சிராய்ப்பில்லாமல் வழுக்கிப் போகலாம்.

அந்த வழவழப்பு இன்னொரு வாசலையும் திறந்துவிட்டது. பசிபிக்கில் குவாம் தீவின் கரைப் பாறைகளில் ஒரு பிளென்னி, வளர்ந்த பிறகு ஏறக்குறைய முழு வாழ்க்கையையும் தண்ணீருக்கு வெளியிலேயே கழிக்கிறது. உடம்பு ஈரமாக இருக்கும்வரை தோலாலும் செவுளாலும் காற்றிலிருந்தே மூச்சு வாங்கிக்கொள்ளும். வாலைப் பக்கவாட்டில் தலையை நோக்கி மடித்து, பாறையில் ஊன்றி, சட்டென்று நிமிர்த்தும். உடம்பு தாவிப் போய் அடுத்த பாறையில் விழும். கடல் வற்றிக் கிடக்கும்போது காய்ந்துபோகும் பயம், ஏறி வரும்போது அலை அடித்துச் செல்லும் பயம். ஆக, இரண்டுக்கும் நடுவே கிடைக்கும் கொஞ்ச நேரத்தில்தான் அது வெளியே வந்து மேயும், சண்டை போடும், துணை தேடும். மற்ற நேரமெல்லாம் ஈரமான இடுக்குக்குள்தான்.

எங்கே சுற்றினாலும் கடைசியில் வளைக்குத்தான் வர வேண்டும். பிளென்னியின் குடும்ப வாழ்க்கையும் அங்கேதான். காலி சிப்பி, புழு விட்டுப்போன குழாய், பாறையில் ஒட்டி வாழும் கொட்டலசின் வெற்றுக்கூடு என எதையாவது ஒன்றை ஆண் பிடித்துவைத்துக்கொள்ளும். பெண் வந்து உள்சுவரில் முட்டைகளை ஒட்டிவிட்டுப் போய்விடும். அப்புறம் குஞ்சு பொரியும்வரை காவல், துடுப்பால் விசிறிப் புதுத் தண்ணீர் காட்டுவது, எல்லாம் அப்பாவின் பொறுப்பு.

அப்படியென்றால் வளை கிடைக்காத ஆண் என்ன செய்யும்? போர்த்துகலின் ரியா ஃபோர்மோசா காயலில் இதற்கு விடை இருக்கிறது. அங்கே சேற்றுத்தரை, பாறையே அபூர்வம். மட்டி வளர்ப்பவர்கள் எல்லை காட்டப் போட்டுவைத்த செங்கற்களின் துளைகள்தான் அங்குள்ள மயில் பிளென்னிகளுக்கு வீடு. வீட்டுக்காரர்கள் சிலரே என்பதால், பெண்கள்தான் தேடி வந்து கொஞ்சுகின்றன. சிறிய ஆண்கள் பெண்ணின் நிறத்தையும் குழைவையும் அப்படியே காட்டி வாசலுக்கு வரும். வீட்டுக்காரன் ஏமாந்த நேரம் பார்த்து, அங்கே கிடக்கும் முட்டைகள்மீது விந்தைத் தெளித்துவிட்டு ஓடிவிடும். மிச்ச வேலையெல்லாம் ஏமாந்தவனுக்கு!

ஏமாற்று வேலையில் இதையும் மிஞ்சும் பிளென்னி ஒன்று பவளத்திட்டில் உண்டு. அங்கே பெரிய மீன்களின் உடம்பிலுள்ள ஒட்டுண்ணிகளைப் பொறுக்கித் தின்னும் துப்புரவு மீன் ஒன்று இருக்கிறது. நீல உடம்பில் கறுப்புப் பட்டை. அதே நிறம், அதே பட்டை, அதே ஆட்டத்தோடு ஒரு பிளென்னியும் திரிகிறது. நம்பி நெருங்கும் மீனின் துடுப்பில் ஒரு கடி கடித்துவிட்டுப் போகும். கிட்டே பார்த்தால் வித்தியாசம் தெரியும்: துப்புரவு மீனுக்கு வாய் மூக்கு நுனியில், போலிக்குச் சற்றுக் கீழே. ஆனால் இது கடித்தே பிழைக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. குழாய்ப் புழுக்களின் உணர்கொம்பும் மற்ற மீன்களின் முட்டையும்தான் இதற்கு முக்கியமான சாப்பாடு.

கோரைப்பல் பிளென்னிகளின் கதை வேறு. கீழ்த்தாடையில் இரண்டு பெரிய பற்கள். அவற்றில் ஒரு பிரிவுக்கு மட்டும் பல்லில் பள்ளம் ஓடி, அடியில் நஞ்சுச் சுரப்பியும் உண்டு. மீன்களின் நஞ்சு என்றாலே உயிர் போகும் வலிதான். இது அப்படியில்லை. 2017-இல் வெளியான ஆய்வில், இந்த நஞ்சு எலிகளுக்குப் பெரிதாக வலியே தரவில்லை. ரத்த அழுத்தத்தைத்தான் தடாலென்று இறக்கியது. நஞ்சில் அபின் போல வேலை செய்யும் புரதத்துணுக்குகளும் இருந்தன. இதை விழுங்கப் பார்க்கும் பெரிய மீன், வாய்க்குள் கடி விழுந்ததும் தாடை நடுங்கி, வாயைப் பிளந்துவிடும். பிளென்னி நிதானமாக வெளியே நீந்திப் போகும். ஆமாம், நீந்திப் போகும். இந்த நஞ்சுப் பிரிவுக்குக் காற்றுப்பை இன்னும் இருக்கிறது. வாயிலேயே ஆயுதம் இருப்பதால் வளைக்குள் பதுங்க வேண்டிய கட்டாயம் இதற்கு இல்லை, வெட்டவெளியில் மிதக்கலாம். நஞ்சில்லாத சில பிளென்னிகள் இதன் வேஷத்தைப் போட்டுக்கொண்டு கூடவே திரிவதிலும் ஆச்சரியமில்லை.

வளைக்குள் இருக்கும் மற்றவை தப்பிப்பது குறைவுதான். பிளென்னி, கோபி போன்ற குட்டி மீன்கள் பவளத்திட்டின் அன்றாடத் தீனி. 2019-இல் வந்த ஓர் ஆய்வின் கணக்குப்படி, திட்டில் இரையாகும் மீன் எடையில் கிட்டத்தட்ட 60 சதவீதம் இவைதான். இத்தனை தின்னப்பட்டும் தீராமல் இருப்பதற்குக் காரணம் வேகம். இவற்றின் குஞ்சுகள் பல, நடுக்கடலுக்கு அடித்துச் செல்லப்படாமல் திட்டை ஒட்டியே வளர்ந்து, காலியான இடங்களை உடனுக்குடன் நிரப்புகின்றன.

இந்த வேகத்தின் உச்சம் ஒரு குள்ளக் கோபி. அதன் ஆயுள் அதிகபட்சம் 59 நாட்கள். முதல் மூன்று வாரம் தண்ணீரில் மிதக்கும் குஞ்சாக. ஓரிரு வாரத்தில் பருவத்துக்கு வந்துவிடும். மிச்சம் மூன்றரை வாரம். அதற்குள் பெண் மூன்று ஈடு முட்டையிட்டுவிடுகிறது; ஆண் அவற்றுக்குக் காவல் இருக்கிறது.