திருக்கை அடித்தால் முதலில் வெந்நீர்

ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் விசைப்படகுகள் ஓய்ந்துவிடும். ஜூன் 14 வரை 61 நாள். கரையோரம் ஓய்வதில்லை. வள்ளமும் பைபர் படகும் அண்மைக் கடலில் தொழில் செய்கின்றன. விசைப்படகில் கூலிக்குப் போகிறவர்கள்கூட வீச்சு வலையோ தூண்டிலோ எடுத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்குகிறார்கள். பள்ளி விடுமுறை என்பதால் பிள்ளைகளும் கூடவே வருகிறார்கள். பாக் நீரிணைக் கரையில் மருத்துவம் பார்க்கும் எனக்கு இந்த இரண்டு மாதமும் மீன் முள் குத்திய கால்களும் கைகளுமாகவே போகும்.

திருக்கை யாரையும் தேடி வந்து அடிப்பதில்லை. வெதுவெதுப்பான ஆழம் குறைந்த இடத்தில் மணலைப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கும். முதுகில் மிதிபட்டால் வாலைத் தூக்கிக் கணுக்காலிலோ புறங்காலிலோ முள்ளை இறக்கிவிடும். அந்த முள்ளின் இரண்டு ஓரத்திலும் பின்னோக்கிய பற்கள் உண்டு. உள்ளே போகும்போது கிழிப்பதைவிட வெளியே வரும்போதுதான் அதிகம் கிழிக்கும். முள்ளைச் சுற்றியுள்ள மெல்லிய தோலில் விஷம் இருக்கிறது. அந்தத் தோல் காயத்துக்குள்ளேயே பிய்ந்து நின்றுவிடும். வலி உடனே தொடங்கி, முதல் ஒன்றரை மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். தலைச்சுமை தூக்கிப் பழகிய ஆண்களும் அந்த நேரத்தில் கதறுவதைப் பார்த்திருக்கிறேன்.

காலுக்கு மேலே கயிற்றை இறுக்கிக் கட்டி, காயத்தில் சுண்ணாம்பைத் தடவி அழைத்து வருகிறார்கள். இரண்டும் வேண்டாம். இந்த விஷம் புரதத்தால் ஆனது. சூட்டில் வீரியம் குறையும். காயத்தை நல்ல தண்ணீரில் கழுவி, வெளியே தெரியும் முள் துண்டை எடுத்துவிட்டு, பொறுக்கக்கூடிய வெந்நீரில் காலை முக்கி வையுங்கள். சூடு ஏறக்குறைய 45 டிகிரி செல்சியஸ் இருக்கலாம், அதற்கு மேல் கூடாது. வீட்டில் அளக்க வழியில்லையென்றால், ஒரு செம்பு கொதிநீருக்கு நாலு செம்பு பச்சைத் தண்ணீர் கலந்தால் நம் ஊர் கோடையில் அந்தச் சூடு வந்துவிடும். ஆனாலும் அடிபடாத கையை விட்டுப் பார்த்த பிறகுதான் காலை வைக்க வேண்டும். வலியில் துடிக்கிற கால் சூட்டைச் சரியாகச் சொல்லாது. ஆற ஆறச் சூடு சேர்த்து, அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வைத்திருங்கள். பெரும்பாலோருக்கு வலி நன்றாக இறங்கிவிடும்.

கெளுத்தி, இருங்கெளிறு, ஓரா ஆகியவற்றின் முள் குத்தினாலும் இதே வைத்தியம்தான். வலையில் இருந்து மீன் கழற்றும்போது கையில் ஏறுவது பெரும்பாலும் இவைதான். (சூட்டில் விஷம் போகும் என்பதைப் பேத்தை மீனுக்குப் பொருத்திவிடாதீர்கள். அதைத் தின்றால் ஏறும் நஞ்சு வேறு; எவ்வளவு கொதிக்க வைத்தாலும் சாகாது.)

கடல் பாம்புக்கு வெந்நீர் உதவாது. வலை கழற்றும்போது கடிக்கும். பல நேரம் வலியே தெரியாது. சில மணி நேரத்தில் உடம்பெல்லாம் தசை வலி, இமை சொருகல், கருஞ்சிவப்பாகச் சிறுநீர் என்று வரும். கை காலை அசைக்காமல் உடனே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். நம் நாட்டில் கிடைக்கும் பாம்புக்கடி மருந்து நான்கு நிலப் பாம்புகளுக்காகச் செய்யப்பட்டது. அதனால் மூச்சையும் சிறுநீரகத்தையும் காக்க வசதி உள்ள இடமாகப் பார்த்துப் போவது முக்கியம். அதேபோல, திருக்கை முள் நெஞ்சிலோ வயிற்றிலோ கழுத்திலோ ஏறியிருந்தால் அதைப் பிடுங்கவே கூடாது. அப்படியே வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

வலியைவிட எனக்குக் கவலை தருவது, வலி நின்றதும் பலர் வீட்டுக்குக் கிளம்பிவிடுவதுதான். முள் துண்டு உள்ளே இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுக்க வேண்டும், டி.டி. ஊசி போட வேண்டும், சிலருக்கு மாத்திரையும் தேவைப்படும். "ஏன் சார் தையல் போடல?" என்று கேட்பார்கள். ஆழமான குத்துக் காயத்தை உடனே தைத்தால் அழுக்கையும் கிருமியையும் உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். அதனால் திறந்தே விடுகிறோம்.

கோடையில் நம் கடல் 30 டிகிரியைத் தொட்டுவிடும். விப்ரியோ என்ற கிருமி வகைக்கு இந்தச் சூடு மிகவும் ஒத்துப்போகும், அதிலும் ஆறு கலக்கும் முகத்துவாரத்தில். நல்ல உடம்புக்காரரை அது பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. சர்க்கரை நோய் உள்ளவர், குடியாலோ மஞ்சள் காமாலையாலோ கல்லீரல் கெட்டவர், இவர்களுக்குச் சிறு கீறலே போதும். சில மணி நேரத்தில் சிவப்பு பரவும். காயத்தின் அளவுக்குப் பொருந்தாத வலி, காய்ச்சல், நடுக்கம், பிறகு ரத்தம் கோத்த கொப்புளங்கள். இதில் ஒன்று தெரிந்தாலும் அன்று இரவே வர வேண்டும். "விடியட்டும், பார்க்கலாம்" என்று காத்திருந்தவர்களில் காலை இழந்தவர் உண்டு, உயிரை இழந்தவரும் உண்டு. சர்க்கரையால் கால் மரத்துப்போனவர்கள் கரையேறியதும் பாதத்தை ஒரு முறை திருப்பிப் பாருங்கள். முள் ஏறியதே தெரியாமல் நடந்து திரிகிறவர்கள் அவர்கள்தான்.

தண்ணீரில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் மணலில் அரக்கி அரக்கி நகருங்கள். அதிர்வு உணர்ந்து திருக்கை விலகிப் போய்விடும். ரப்பர் செருப்பை நம்ப வேண்டாம், முள் அதைத் துளைக்கும். பாசி எடுக்கப் போகும் பெண்கள் பலர் விரலில் துணி சுற்றிக்கொள்கிறார்கள், நல்ல பழக்கம். ஆனால் அந்தத் துணியைத் தினமும் துவைத்துக் காயவைத்துக் கட்டுங்கள்.

இன்னொன்று. மீன் முள் குத்தி ஆறிப்போன இடத்தில் சில வாரம் கழித்து வலியில்லாத சிறு கட்டி எழும்பலாம். அதற்கு மேலே கையோடு இன்னும் சில கட்டிகள் வரிசையாக வரலாம். காசநோய்க் கிருமிக்கு உறவான ஒரு கடல் கிருமி இப்படிச் செய்யும். வழக்கமான மாத்திரைக்கு அடங்காது, மாதக்கணக்கில் மருந்து எடுக்க வேண்டியிருக்கும். எந்த டாக்டரிடம் போனாலும், கடலில் முள் குத்திய கை என்பதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். அது தெரிந்தால்தான் சரியான பரிசோதனைக்கு எழுதிக் கொடுப்பார்.