சந்தனப் பொட்டுக்கு அடியில் துரு: வீட்டில் இருக்கும் பழைய துப்பாக்கியைத் தொடும் முன்

ஆயுத பூஜை முடிந்து பத்து நாள் இருக்கும். ஒரு பழைய வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பழம்பொருள் பாதுகாப்பு என் தொழில். உலோகப் பொருள்கள்தான் அதிகம் வரும், அவற்றில் வருடத்துக்கு நாலைந்து துப்பாக்கிகள் இருக்கும். "தாத்தா காலத்துத் துப்பாக்கி தம்பி. எவ்வளவு துடைச்சாலும் மறுபடி துரு ஏறுது" என்றார் அந்த வீட்டு அம்மா.

கூடத்துச் சுவரில் மான் கொம்புக்குக் கீழே தொங்கியது. இறக்கி மேசையில் வைத்து விளக்கைச் சாய்த்துப் பிடித்தேன். குழலின் மேல் மூன்று துரு வட்டங்கள். ஒவ்வொன்றும் ஒரு ரூபாய்க் காசு அளவு, ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளி. துரு இப்படி அளந்து வைத்ததுபோல் வராது. சந்தனமும் குங்குமமும் வைத்த இடங்கள் அவை. குழைத்த சந்தனம் இரும்பில் ஈரத்தைப் பிடித்து வைக்கும். காய்ந்த பிறகும் சும்மா இருக்காது, ஐப்பசி மழைக்காற்றில் மறுபடி ஈரத்தை உறிஞ்சும். ஐம்பது அறுபது வருடம் அதே இடத்தில் பொட்டு வைத்ததில் அங்கே இரும்பு குழி விழுந்து போயிருந்தது. பூஜை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். பொட்டை அடியில் வைக்கும் பலகைக்கு வையுங்கள், இரும்புக்கு வேண்டாம்.

குதிரைக்கு, அதாவது சுடும்போது விழுந்து அடிக்கும் சுத்திக்கு, பக்கத்துத் தகட்டில் ஒரு கிரீடம், அதனருகே ஆங்கிலத்தில் 'டவர்' என்ற ஆங்கிலேய அரசு முத்திரை எழுத்து. குழல் 39 அங்குலம், அதைக் கட்டையோடு பிணைக்கும் வளையங்கள் மூன்று. 1853 மாதிரி என்ஃபீல்டு குடும்பத்து ஆங்கிலேய ராணுவத் துப்பாக்கி. அசல் என்ஃபீல்டின் குழல் விட்டம் .577 அங்குலம், உள்ளே மூன்று திருகு வரிகள் இருக்கும். இதில் வரியே இல்லை, துளையும் அகலம். 1857 சிப்பாய்க் கிளர்ச்சிக்குப் பிறகு இந்தியச் சிப்பாய்களுக்கு ஆங்கிலேயர்கள் வரியில்லாத குழல்களைத்தான் தந்தார்கள். வரி இருந்தால் குண்டு நேராக, வெகுதூரம் போகும். அந்தத் திறனைச் சிப்பாய் கையில் கொடுக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. குழலில் வரி இருந்தால்தான் ரைஃபிள்; வீட்டில் எல்லோரும் 'ரைஃபிள்' என்று சொல்லிவந்த அந்தத் துப்பாக்கி ரைஃபிளே இல்லை. அந்தக் கால அரசின் பயம் அதன் குழலுக்குள் இருக்கிறது. இதையெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து அழித்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

ஆனால் துருவுக்கு முன்னால் வேறொன்றைப் பார்க்க வேண்டும். உள்ளே மருந்தும் குண்டும் கெட்டித்திருக்கிறதா?

வாய் வழியாகக் கெட்டிக்கும் துப்பாக்கியில் இதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. வாயை ஆளில்லாத சுவர்ப் பக்கம் திருப்பி மேசையில் கிடத்த வேண்டும். குதிரைக்குக் கீழே உள்ள முனையில் கேப்பு (அடிபட்டதும் தீப்பொறி தரும் சின்ன உலோக மூடி) இருந்தால் அதோடு நிறுத்திவிட வேண்டும், மேலே தொடவே கூடாது. கேப்பு இல்லையென்றால் ஒரு மெல்லிய மரக்குச்சியைப் பக்கவாட்டில் நின்றபடி மெதுவாக உள்ளே விட்டு, வாய் விளிம்பில் ஒரு நூலைக் கட்டி அடையாளம் வைக்க வேண்டும். பிறகு குச்சியை வெளியே எடுத்து, குழலின் மேல் அதே நூல் விளிம்பில் நிற்கும்படி வைத்துப் பாருங்கள். குச்சியின் நுனி, கேப்பு முனை இருக்கும் அடிப்பகுதி வரை வர வேண்டும். இந்தத் துப்பாக்கியில் நாலு விரல்கடை முன்னாலேயே நின்றுவிட்டது. அதாவது உள்ளே கெட்டித்திருக்கிறது.

அந்த அம்மாவிடம் சொன்னபோது அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் பேரப் பிள்ளைகள் அதைத் தோளில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டவர்கள்.

கருமருந்து என்பது வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10 என்ற விகிதக் கலவை. ஈரம் படாமல் இருந்தால் நூறு வருடம் ஆனாலும் அதன் குணம் போகாது. பழசானதால் செத்துப்போயிருக்கும் என்று நம்பித்தான் பலர் கம்பியை விட்டுக் குத்துகிறார்கள், குழலைச் சூடுகாட்டுகிறார்கள். இரண்டும் உயிர் போகிற வேலை. நாங்கள் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லி, லைசென்ஸ் உள்ள துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரை வரவழைத்தோம். அவர் எடுத்துக் காட்டிய மருந்து கொஞ்சமும் கட்டியாகாமல் கடுகு மாதிரி உருண்டது.

அடுத்தது சட்டம். இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஆனால் கவனமாகப் படியுங்கள். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் பழைய துப்பாக்கிகளுக்கு ஒரு விலக்கு தருகிறது. பழமை மட்டும் போதாது. பழுதுபார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடவே முடியாத நிலையில் இருந்தால்தான் அந்த விலக்கு. அப்படியென்றால் ஸ்பிரிங் மாற்றி, குதிரையைச் சரிசெய்து 'வேலை செய்ய வைக்கிறேன்' என்று வீட்டில் யாராவது இறங்கினால், அந்த விலக்கையே அவர் கையால் அழிக்கிறார். தவிர, துப்பாக்கியைப் பழுதுபார்க்கவே தனி லைசென்ஸ் வேண்டும். இல்லாமல் செய்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு 7 ஆண்டுக்குக் குறையாத சிறை. தெருமுனை லேத் பட்டறையில் கொடுப்பதும் இதில்தான் சேரும். லைசென்ஸ் வைத்திருந்தவர் காலமாகிவிட்டால் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட்டுத்தான் வாரிசுகள் மேற்கொண்டு விண்ணப்பிக்க வேண்டும். இந்த வீட்டில் மூத்த மகன் பெயரில் லைசென்ஸ் இருந்தது, ஒழுங்காகப் புதுப்பித்தும் வந்திருந்தார். ஆனாலும் கூடத்துச் சுவர் அதற்கு இடமில்லை. பூட்டிய இடத்தில்தான் வைக்க வேண்டும்.

சரி, பழுதுபார்க்கக் கூடாது, அப்புறம் வீட்டில் என்னதான் செய்யலாம்? பராமரிக்கலாம். அதுவே போதும்.

முதலில் எல்லாத் துருவும் ஒன்றல்ல. விரலில் ஒட்டும் செம்பழுப்புத் தூள்தான் இரும்பைத் தின்கிறது. வழவழப்பாக, கரும்பழுப்பாகப் படிந்திருப்பது துப்பாக்கியின் வயது. அந்தக் காலத்தில் குழலுக்கு வேண்டுமென்றே பழுப்பு ஏற்றுவதும் உண்டு. அதை 'அழுக்கு' என்று நினைத்துத் தேய்க்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். ஒருமுறை டமாஸ்கஸ் குழல் ஒன்று வந்தது. இரும்பையும் எஃகையும் முறுக்கி அடித்து, நீரோட்டம் மாதிரிக் கோலம் வரும்படி செய்வது டமாஸ்கஸ். யாரோ கம்பி பிரஷ் சக்கரத்தில் கொடுத்து ஸ்டீல் டம்ளர் மாதிரிப் பளபளப்பாக்கியிருந்தார்கள். கோலம் போய்விட்டது, கூடவே தயாரித்தவரின் முத்திரையும். அதை என்னால் திருப்பிக் கொண்டுவர முடியவில்லை.

புளி வேண்டவே வேண்டாம். பித்தளைக் குத்துவிளக்குக்குச் சரி, துப்பாக்கியில் பித்தளைப் பகுதி இரும்போடும் மரத்தோடும் ஒட்டியிருக்கிறது. புளித்தண்ணீர் அந்த இடுக்கில் இறங்கி உள்ளிருந்து அரிக்கும். எலுமிச்சை, வினிகர், கடையில் விற்கும் துரு நீக்கி எல்லாம் இதே கணக்குதான்.

தையல் மெஷின் எண்ணெயை இரண்டு சொட்டு துருவின் மேல் விட்டு ஒரு நாள் ஊற விடுங்கள். பிறகு சீவிய மூங்கில் குச்சியாலோ பழைய செப்புக் காசின் விளிம்பாலோ மெதுவாகச் சுரண்டுங்கள். செம்பு எஃகைவிட மென்மையானது என்பதால் துரு உதிரும், குழலில் கீறல் விழாது. ஒரு விரல் அகலத்துக்கு ஒரு மாலைப் பொழுது ஆனாலும் ஆகட்டும். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றையும் தள்ளி வையுங்கள். தாவர எண்ணெய் நாளாக நாளாகப் பிசினாகித் தூசியையும் ஈரத்தையும் பிடிக்கும். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் 'ரங்கூன் எண்ணெய்' என்று ஒன்று வைத்திருந்தார்கள். பர்மாவின் பெட்ரோலியக் கிணறுகளிலிருந்து வந்த கனிம எண்ணெய் அது. காரணம் இதுதான்.

திருகாணிகளைத் தொடாதீர்கள். நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய திருகாணியின் வெட்டு மிகக் குறுகலானது. இப்போதைய ஸ்க்ரூ டிரைவரின் நுனி ஆப்பு மாதிரிச் சரிந்திருப்பதால் அடிவரை இறங்காமல் மேல் உதட்டைச் சிதைத்துவிடும். என்னிடம் வருகிற துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்தக் காயம் இருக்கிறது. சுடாத துப்பாக்கியைக் கழற்ற வீட்டில் ஒரு அவசியமும் இல்லை. பூட்டுக்குள், அதாவது குதிரையை இயக்கும் பொறிக்குள், வி வடிவ ஸ்பிரிங் ஒன்று விசையோடு மடிந்து கிடக்கிறது என்பதும் ஞாபகம் இருக்கட்டும். குதிரையை இழுத்துச் சும்மா தட்டிப் பார்க்கிற பழக்கமும் கூடாது, கேப்பு முனை நசுங்கும்.

மரக்கட்டை பெரும்பாலும் அக்ரூட் மரம், ஆளிவிதை எண்ணெய் ஊட்டியது. வார்னிஷ் அடிக்காதீர்கள். பொடி உதிர்ந்தால் உளு விழுந்திருக்கிறது என்று அர்த்தம், அதற்கு என்னைப் போன்றவர்களைக் கூப்பிடுங்கள்.

வைக்கும் இடம் விஷயத்தில் நல்ல எண்ணத்தில் செய்கிற தவறுகள் அதிகம். தோல் உறைக்குள் போட்டால் தோலில் உள்ள அமிலமும் உப்பும் இரும்பில் ஏறும். பிளாஸ்டிக்கில் சுற்றினால் உள்ளே வியர்க்கும். சென்னை மாதிரிக் கடலோர ஊர்களில் காற்றில் ஈரம் பல மாதம் எழுபது சதவீதத்துக்கு மேலேயே இருக்கும், அதை ஐம்பதுக்குப் பக்கத்தில் வைத்தால்தான் இரும்பு தூங்கும். பீரோவுக்குள் சிலிகா ஜெல் பைகள், மழைக்காலத்தில் மாதம் ஒரு முறை அவற்றைக் காயவைத்தல், வருடத்துக்கு ஒரு தடவை மெல்லிய மெழுகுப் பூச்சு, தொடும்போதெல்லாம் கையுறை. விரல் வியர்வையின் உப்பு அப்படியே ரேகையாகத் துருவேறியதை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த வீட்டுத் துப்பாக்கி இப்போது கட்டிலறைப் பீரோவில், இரண்டு மெத்தைத் துண்டுகளின் மேல் படுத்திருக்கிறது. துரு நின்றுவிட்டது. மூன்று வட்டக் குழிகளை மட்டும் நான் நிரப்பவோ தேய்க்கவோ இல்லை. "அது அப்படியே இருக்கட்டும் தம்பி, நடுவுல இருக்கறது மாமனார் கையால வைச்ச பொட்டு" என்றார் அந்த அம்மா. இந்த வருடம் சந்தனத்தைப் பீரோவின் கதவுக்கு வைத்தார்களாம்.